பிஎம்பி390 பிரஷர் போர்டு: இடிமழை கிளப்பும் அலை பெங்களூரு வீட்டுக்குள் சிக்குமா?

பாஷ் கம்பெனியின் பிஎம்பி390 சிப் 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் எள் அளவு. அதை ஒட்டிய போர்டைப் பெரும்பாலோர் ட்ரோனுக்கு உயரம் காட்டவோ, மொட்டை மாடியில் வானிலைப் பெட்டி வைக்கவோ வாங்குகிறார்கள். அந்த வேலைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்ப்பது வேறு. ஓசூர்ப் பக்கம் 40 கிலோமீட்டர் தள்ளி ஓர் இடிமேகம் பொங்கினால் காற்றுமண்டலத்தில் ஓர் அலை கிளம்புகிறது. அல்சூரில் ஒரு வீட்டு அலமாரியில் கிடக்கும் இந்தப் போர்டில் அது தெரியுமா?

தெரியும். ஆனால் அதில் சிப்பின் பங்கு பாதிகூட இல்லை. பெட்டி, வைக்கும் இடம், ஃபில்டர் அமைப்பு (சிப் தன் அளவுகளை எவ்வளவு மழமழப்பாக்கித் தருகிறது என்பது) ஆகிய மூன்றில் ஒன்று சொதப்பினாலும் உங்களிடம் இருப்பது பிரஷர் சென்சார் அல்ல, விலை கூடிய தெர்மாமீட்டர்.

எந்த அலை?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2015இல் லைகோ ஆய்வகம் பிடித்ததும் தமிழில் ஈர்ப்பு அலைதான். வானிலைக்காரர்கள் பேசுவதும் ஈர்ப்பு அலைதான். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முன்னது கருந்துளைகள் மோதியதில் அண்டவெளியே அதிர்ந்த கதை. பின்னது காற்று மிதந்தும் அமுங்கியும் ஆடுவது. அதற்கு மிதப்பு அலை என்பதே பொருத்தமான பெயர், இனி அப்படியே சொல்வோம்.

வாயை இறுகக் கட்டிய காலிக் குடத்தைக் கிணற்று நீருக்குள் அமுக்கி விட்டுப் பாருங்கள். நீர்மட்டத்தோடு அது நின்றுவிடாது. மட்டத்தைத் தாண்டி எகிறி, மறுபடி அமுங்கி, நாலைந்து ஆட்டம் ஆடித்தான் அடங்கும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வளையம் கிணற்றுச் சுவரை நோக்கி ஓடும். இடிமேகத்துக்குள் மேலேறும் காற்றும் இப்படித்தான். நீராவி நீராகும்போது விடும் வெப்பம் அதைத் தூக்கிக்கொண்டே போகும். நம் பக்கத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் கீழடுக்கு (ட்ரோபோஸ்பியர்) முடிந்து மேலடுக்கு (ஸ்ட்ராட்டோஸ்பியர்) தொடங்குகிறது. அந்தக் கூரையை முட்டித் துளைத்த காற்று, அங்கே தன்னைச் சுற்றியிருப்பதை விடக் குளிர்ந்து கனத்துப்போய்த் திரும்ப விழும், மறுபடி எழும். அந்த ஆட்டத்திலிருந்து அலை கிளம்பும்.

அலை பிறக்க இது ஒரு வழி. இன்னும் இரண்டு உண்டு. மேலே வீசும் காற்றுக்கு மேகத்தின் தலையே ஒரு குன்றாகி வழிமறிக்கும். மலைக்குப் பின்னால் அலை எழுவது போல அங்கேயும் எழும். மூன்றாவதுதான் தரையில் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு முக்கியம். மேகத்தின் உள்ளே பல கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரே சமயத்தில் வெப்பம் கொட்டப்படுகிறது. அந்தத் திடீர்ச் சூட்டுக்குச் சுற்றுப்புறக் காற்று ஈடுகொடுத்து அடங்குவதே அலையாகப் பரவுகிறது. மூன்றும் ஒரே மேகத்தில் ஒன்றாகவே நடக்கலாம். தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது ஆய்வாளர்களுக்கே தலைவலி.

இந்த ஆட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச நேரம் உண்டு. கீழடுக்கில் ஏறக்குறைய 10 நிமிடம், மேலடுக்கில் 5 நிமிடம். காற்றடுக்கு எவ்வளவு உறுதியாக அடுக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாக ஆடும். அதைவிட வேகமாக மிதப்பு அலை ஆட முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். உங்கள் கிராஃபில் 40 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அழகான அலை தெரிந்தால் அது மேகம் அல்ல, பக்கத்துச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனோ ஜன்னலில் மோதும் காற்றோதான்.

மேலே போகும் அலைதான் பார்க்க அழகு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பெருகும். 15 கிலோமீட்டரில் கிளம்பியது வழியில் உடையாமல் 87 கிலோமீட்டருக்குப் போனால் கணக்குப்படி 150 மடங்குக்கு மேல் பெருத்திருக்கும். அந்த உயரத்தில் இரவு வானம் தானாகவே மங்கலாக ஒளிர்கிறது. அந்த ஒளியில் இடிமேகத்தை நடுவில் வைத்து வட்ட வட்டமாக வளையங்கள் விரிவதை, 2011இல் ஏவிய சுவோமி என்பிபி செயற்கைக்கோளின் இரவுக் கேமரா படம் பிடித்திருக்கிறது. இதையே பார்ப்பதற்காக நாசா 2023 நவம்பரில் ஏடபிள்யூஇ என்ற கருவியைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. நமக்குப் பக்கத்தில் திருப்பதியை அடுத்த காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது. இடிமேகத்துக்கு மேலே காற்று ஏறி இறங்குவதை அது நேரடியாக அளக்கிறது. இந்தக் காட்சி எதுவும் நம் போர்டுக்கு எட்டாது. நமக்கு வேண்டியது தரையோடு தரையாக ஓடிவரும் பங்கு.

அந்தப் பங்கு பல வேகங்களில் வரும். மேகத்தின் முழு ஆழத்துக்கும் சூடேறினால் கிளம்புவது விநாடிக்கு 45, 50 மீட்டர் வேகத்தில் ஓடும். அது போகும் வழியில் காற்றை மெல்லக் கீழே அமுக்கிச் சூடாக்கும்; தரையில் அழுத்தம் லேசாக இறங்கும். மேகத்தின் மேல்பாதி சூடாகி, கீழ்ப்பாதி மழையின் ஆவியாதலால் குளிர்ந்தால் கிளம்புவது அதன் பாதி வேகத்தில் வரும். அது தரைக்குப் பக்கத்துக் காற்றைத் தூக்கிவிடுவதால் அருகிலேயே அடுத்த மேகம் பிறக்க வசதி. ஒரு மேகம் இடித்தால் பக்கத்தில் நாலு மேகம் சேர்ந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தரையலைக்கு ஒரு சங்கடம் உண்டு. சக்தி மேல்நோக்கிக் கசிந்துவிடும். அது கசியாமல் தடுக்க ஒரு குழாய் வேண்டும். தரையை ஒட்டிக் குளிர்ந்த, உறுதியான அடுக்கு. அதற்கு மேலே உறுதி குறைந்த அடுக்கு. அங்கே அலை வரும் திசையிலேயே, அலையின் வேகத்திலேயே வீசும் காற்று. இந்த மூன்றும் அமைந்தால் அலை திருப்பி அனுப்பப்பட்டுக் கீழேயே ஓடும் என்று 1976இலேயே ஆய்வாளர்கள் லிண்ட்சனும் டங்கும் எழுதிவிட்டார்கள். அதனால்தான் கொளுத்தும் பிற்பகலை விட, முதல் மழை பெய்து தரை குளிர்ந்த பின் வரும் முன்னிரவில் போர்டுக்கு நல்ல வேட்டை.

எவ்வளவு பெரிய அலை?

பெரும்பாலும் 10 முதல் 100 பாஸ்கல். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே அழுத்தம் ஏறக்குறைய 91,000 பாஸ்கல், அதாவது 910 ஹெக்டோபாஸ்கல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையோ அதைவிடக் குறைவையோ தேடுகிறோம். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் நம் படிக்கட்டே ஓர் அளவுகோல்தான். இங்குள்ள காற்றின் அடர்த்திக்கு ஒரு மீட்டர் இறங்கினால் அழுத்தம் 10 பாஸ்கல் கூடும். 3 மீட்டர் உயர மாடி ஒன்றை இறங்கினால் 31. ஆக, அலை கடந்துபோவது என்பது உங்கள் வீடு மொத்தமும் பத்து நிமிடத்தில் ஒன்றிரண்டு மாடி இறங்கி ஏறிய மாதிரி.

போர்டு வந்ததும் செய்யவேண்டிய முதல் சோதனையும் இதுதான். காற்றில்லாத காலையில் தரைத்தளத்தில் இரண்டு நிமிடம், முதல் மாடியில் இரண்டு நிமிடம், மறுபடி தரைத்தளத்தில் இரண்டு நிமிடம். 30 பாஸ்கலை ஒட்டி இறங்கி, திரும்ப அதே இடத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் போர்டையோ பெட்டியையோ சந்தேகியுங்கள். லிஃப்டில் போய் இதைச் செய்யாதீர்கள்; லிஃப்ட் ஓடும்போது அதன் குழியில் உள்ள காற்றையும் தள்ளிக்கொண்டே போகும்.

சிப்பின் லட்சணம்

தயாரிப்பாளர் தரும் எண்கள்: ஒப்பீட்டுத் துல்லியம் 3 பாஸ்கல், முழு மதிப்பின் துல்லியம் 50 பாஸ்கல், வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அதிகபட்சம் 0.6 பாஸ்கல் விலகல், மிகக் கடுமையான ஃபில்டரில் இரைச்சல் 0.02 பாஸ்கல். கடைசி எண்ணைத்தான் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், நமக்கு அதனால் பயன் குறைவு. நமக்கு உண்மையில் உதவுவது அந்த 0.6. இடிமழையில் பத்து நிமிடத்தில் 8 டிகிரி இறங்குவது சாதாரணம். அப்போது இந்தச் சிப் 5 பாஸ்கலுக்குள் தவறும். பழைய பிஎம்பி280க்கு அதே எண் 1.5, அதாவது 12 பாஸ்கல் தவறு, அதுவும் சரியாக மழை வரும் நேரத்தில்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 50 பாஸ்கலுக்கு மேற்பட்ட பெரிய அலை மட்டும் போதும் என்றால் பிஎம்பி280யே போதும். அதன் ஃபில்டரில்லாத இரைச்சல் 1.3 பாஸ்கல், விநாடிக்கு ஓர் அளவு எடுத்து 60ஐச் சராசரி போட்டால் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் அது கடைக்குக் கடை கிடைக்கும், 390ஐக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். 10, 15 பாஸ்கல் அலைகளையும் பிடிக்க ஆசைப்படுபவர்களுக்குத்தான் 390. இன்ஃபினியனின் டிபிஎஸ்310 இதற்கு நல்ல மாற்று. எம்எஸ்5611 வேண்டாம், வெளிச்சம் பட்டால் அளவு நகரும், இரைச்சலும் கூடுதல்.

வாங்கியது 390தானா என்று சிப்பையே கேட்டுவிடலாம். அடையாள எண்ணை 00 ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் எண் பெட்டி) படியுங்கள். ஹெக்ஸ் 60 என்று வந்தால் 390. ஹெக்ஸ் 50 என்றால் முந்தைய தலைமுறையான 388. மோசமில்லை, ஆனால் கொடுத்த காசுக்கு வந்த பொருள் அதுவல்ல. 280இல் அடையாள எண் இருப்பதே வேறு ரெஜிஸ்டரில், ஹெக்ஸ் டி0இல். அங்கே ஹெக்ஸ் 58 இருக்கும். சிப்பைக் கூப்பிடும் முகவரி ஹெக்ஸ் 76, 77 இரண்டில் ஒன்று. எஸ்டிஓ பின்னை கிரவுண்டோடு இணைத்தால் 76. சென்சார் கிடைக்கவில்லை என்ற புகாரில் பெரும்பங்கு இந்த முகவரிக் குழப்பம்தான். மின்னழுத்தம் 3.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ரெகுலேட்டர் இல்லாத மலிவுப் போர்டில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. சால்டர் செய்த பிறகு ஐசோப்ரொப்பைலில் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சிப்பின் தலையில் உள்ள ஊசித்துளைக்குள் திரவம் போனால் வெளியே வராது.

பரவலாகப் புழங்கும் அர்டுயினோ லைப்ரரியின் மாதிரி புரோகிராமில் அழுத்தத்துக்கு 4 மடங்கு, வெப்பநிலைக்கு 8 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (ஓர் அளவுக்குப் பலமுறை அளந்து சராசரி போடுவது) போட்டிருக்கும். தலைகீழாக்குங்கள்: அழுத்தத்துக்கு 32, வெப்பநிலைக்கு 2. ஃபில்டர் எண்ணில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 127 வைத்தால் கோடு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், பார்க்க அவ்வளவு சுகம். ஆனால் விநாடிக்கு ஓர் அளவு எடுக்கும்போது 127 என்பது இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதம். 10 நிமிட அலையின் வீச்சை அது 60 சதவீதமாகக் குறைத்துவிடும். உச்சியையும் ஒன்றரை நிமிடம் பின்னால் தள்ளும். வீச்சும் போய், நேரமும் போய், அப்புறம் வேகம் கணக்கிட என்ன மிச்சம்? 3 வைத்து, கச்சா அளவை அப்படியே கார்டில் சேமியுங்கள். சராசரி போடுவதைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். விநாடிக்கு 20 பைட் என்றாலும் ஒரு நாளைக்கு 2 எம்பிகூட ஆகாது.

பெட்டிதான் வில்லன்

மழை என்றதும் எல்லோரும் தண்ணீர் புகாத ஐபி65 பெட்டி வாங்கி, கேபிள் போகும் இடத்தை ரப்பரால் இறுக்கி, மிச்ச இடுக்குக்கு சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறார்கள். காற்றும் போகாத பெட்டிக்குள் அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடேறினால் அழுத்தம் 305 பாஸ்கல் கூடும். 91,000ஐக் கெல்வின் வெப்பநிலை 298ஆல் வகுத்துப் பாருங்கள், கணக்கு அவ்வளவுதான். நாம் தேடும் அலையைப் போல பல மடங்கு. வெயில் ஒரு மேகத்துக்குப் பின்னால் போய் வந்தாலே திரையில் பெரிய அலை! இப்படிக் கிடைத்த கிராஃபை அலை என்று நினைத்துப் பெருமையோடு பகிர்பவர்கள் இருக்கிறார்கள்.

தீர்வுக்குச் செலவில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் துளைகள் இரண்டு, கீழ்நோக்கி. உள்பக்கம் ஸ்டீல் கொசுவலைத் துண்டு ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் எறும்பு குடியேறும், ஒரே மாதத்தில் குளவி மண் பூசி அடைத்துவிடும். அடைபட்டது எப்படித் தெரியும்? மதிய நேரத்தில் அழுத்தமும் பெட்டியின் வெப்பநிலையும் சேர்ந்தே ஏறினால் துளையைப் போய்ப் பாருங்கள். முறைப்படி அந்த நேரத்தில் அழுத்தம் இறங்கவேண்டும்.

சென்சாரைப் படிக்கும் வைஃபை கன்ட்ரோலரான இஎஸ்பி32 போர்டையும் சென்சாரையும் ஒட்டி வைக்காதீர்கள். வைஃபை ஓடும்போது அது சூடாகும். 15 சென்டிமீட்டர் வயர் போட்டு, சென்சாரைக் கீழேயும் இஎஸ்பியை மேலேயும் வையுங்கள்; சூடு மேலே போகும். சிப்பின் துளையில் நேர் வெயில் படக்கூடாது.

எங்கே வைப்பது?

மொட்டை மாடியில் மட்டும் வேண்டாம். காற்று சுவரில் மோதி நிற்கும்போது உண்டாகும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். விநாடிக்கு 5 மீட்டர் காற்றுக்கு 13 பாஸ்கல், 10 மீட்டருக்கு 53, 15 மீட்டருக்கு 119. இடிமழைக்கு முன் வீசும் காற்றுக்கு 15 மீட்டர் ஒன்றும் பெரிதல்ல. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் அதே காற்று உறிஞ்சும். சின்டெக்ஸ் டேங்குக்குப் பக்கத்தில் சுழலும். அலையின் அளவுக்கே இரைச்சலும் இருந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது? இடி இடிக்கும்போது மாடியில் கம்பியோடு நிற்கும் ஆபத்தைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

நல்ல இடம் வீட்டுக்குள் ஓர் உள்ளறை அலமாரி. கான்கிரீட் சுவர்கள் காற்றின் விசுக் விசுக்கைத் தாமாகவே வடிகட்டும். அழுத்தமோ கதவிடுக்கு வழியாகச் சில விநாடிகளில் உள்ளே வந்துவிடும், பத்து நிமிட அலைக்கு அது ஒரு தடையே இல்லை. காற்று மோதும் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வைத்தால் அறையே பலூன் மாதிரி உப்பும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஒவ்வொரு விரற்கடை திறந்திருந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டும். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் பக்கம் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட நிமிடம் கோடு கீழே இறங்கி நிற்கும். கதவு அறைந்தால் ஊசி மாதிரி ஒரு கோடு வரும். ஒரு நிமிடச் சராசரியில் அது காணாமல் போகும், கவலை வேண்டாம்.

கோட்டைப் படிப்பது

மழையே இல்லாத நாளில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் மேடு. மாலை 4, விடிகாலை 4 வாக்கில் பள்ளம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வரும். இது சூரியன் காற்றுமண்டலத்தைச் சூடாக்குவதால் தினமும் இருமுறை வரும் ஏற்றவற்றம். இது தெரியாவிட்டால் போர்டு கெட்டுவிட்டது. தெரிந்தால் அடுத்த வேலைக்குத் தயார்.

ஓசூரில் மாலை 5.40க்கு மேகம் பொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டருக்கு இடியோசை எட்டாது. மின்னல் எங்கே விழுகிறது என்பதை தாமினி ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம். வேகமான அலை 14 நிமிடத்தில், 5.54 வாக்கில், அழுத்தத்தை லேசாக இறக்கிவிட்டுப் போகும். பாதி வேக அலை 6.07 வாக்கில். அதன் பிறகுதான் மழையால் குளிர்ந்த காற்றே தரையோடு தவழ்ந்து வரும். விநாடிக்கு 10 மீட்டர் என்றால் 6.47. இந்த நேரங்களை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். மேகமும் நகரும், எதிர்க்காற்று தாமதப்படுத்தும், வழியில் புதுமேகம் முளைக்கும். வரிசை மட்டும் பெரும்பாலும் மாறாது.

குளிர்காற்று முகப்பை அலை என்று எண்ணுவதுதான் இந்த வேட்டையின் பெரிய பிசகு. 1 கிலோமீட்டர் உயரத்துக்கு 5 டிகிரி குளிர்ந்த காற்று வந்து நின்றால் அதன் கனத்தாலேயே 170 பாஸ்கல் ஏறும். கோடு பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அது அலை அல்ல. குளிர்ந்த காற்று தானே வந்து உட்கார்ந்த எடை. பிரித்தறிய வெளியே நிழலில் ஒரு வெப்பநிலை சென்சார் கட்டாயம். எஸ்ஹெச்டி31 வேண்டும் என்றில்லை, டிஎஸ்18பி20 போதும். பிஎம்பி390 தானே காட்டும் வெப்பநிலை பெட்டியின் சூடு, அதை நம்பக்கூடாது. அழுத்தம் ஏறும்போது வெப்பநிலை தடாலென்று விழுந்தால் குளிர்காற்று. வெப்பநிலை அசையாமல் அழுத்தம் மட்டும் ஏறி இறங்கி ஏறினால் அலை. அழுத்தம் படி ஏறிய மாதிரி ஏறி, அங்கேயே நின்று, அதன் மேல் சிற்றலைகள் ஓடினால் அது மூன்றாவது ஆசாமி. இரவில் தரையை ஒட்டிய குளிர் அடுக்கில் மழைக்காற்று வந்து இடித்து, ஆற்றில் வெள்ளத்தலை வருவது போல அந்த அடுக்கையே உயர்த்திக்கொண்டு வந்திருக்கிறது. மூன்றில் இதுதான் அரிது, சிக்கினால் பத்திரப்படுத்துங்கள்.

காற்றுமானியும் இருந்தால் இன்னொரு சரிபார்ப்பு கைவசம் உண்டு. உண்மையான அலையில் அழுத்த மாற்றம் என்பது காற்றின் அடர்த்தி, அலையின் வேகம், காற்றுவேக மாற்றம் மூன்றின் பெருக்கல். விநாடிக்கு 20 மீட்டர் வேக அலை, காற்றில் 3 மீட்டர் மாற்றம் என்றால் இங்கே 64 பாஸ்கல். அழுத்தத்தின் உச்சியும் அலை போகும் திசைக் காற்றின் உச்சியும் ஒன்றாக வரவேண்டும்.

ஏற்றவற்றத்தை நீக்க இரண்டு மணி நேரச் சராசரியைக் கழிப்பது எல்லோரும் செய்வது. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. குளிர்காற்றால் 100 பாஸ்கல் சட்டென்று ஏறினால், கழித்த கோட்டில் ஒரு மணி நேரம் முன்பிருந்தே இறங்க ஆரம்பித்து, ஏற்றத்துக்கு முந்தைய நிமிடத்தில் 50 பாஸ்கல் பள்ளம் தெரியும். புயலுக்கு முன்னோடி அலை என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும். அது சராசரி செய்த வேலை, வானம் செய்ததல்ல. மழையில்லாத நாலைந்து நாள்களின் கோட்டைச் சராசரி போட்டு அதைக் கழித்தால் இந்தப் பொய்ப்பள்ளம் வராது. எப்படியானாலும் கச்சாக் கோட்டை முதலில் பாருங்கள்.

ஒன்று போதாது

ஒரு போர்டு அலை வந்தது என்று சொல்லும்; எங்கிருந்து, எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. அதற்கு மூன்று வேண்டும். 20 மீட்டர் வேகம், 10 நிமிடக் காலம் என்றால் அலைநீளம் 12 கிலோமீட்டர். போர்டுகளுக்கு இடையே அதில் பாதிக்கும் குறைவான தூரம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எந்த உச்சி எந்த உச்சியோடு சேரும் என்று குழம்பிப்போகும். அல்சூரில் ஒன்று, ஃப்ரேசர் டவுனில் ஒன்று, சிவாஜிநகரில் ஒன்று வைத்தால் முக்கோணம் கச்சிதம். 2.5 கிலோமீட்டருக்கு 125 விநாடி வித்தியாசம் வரும். கடிகாரங்கள் ஒரு விநாடிக்குள் ஒத்திருந்தால் தாராளம். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் சித்தப்பா வீட்டை இதில் சேர்க்கவேண்டாம், அது இந்த அலைக்கு ரொம்பத் தூரம்.

பிரித்து வைப்பதற்கு முன் மூன்றையும் ஒரே மேசையில் ஒரு நாள் ஓடவிடுங்கள். முழு மதிப்பில் ஒவ்வொன்றும் 50 பாஸ்கல் வரை விலகியிருக்கலாம். அது குறையல்ல, கழித்துவிட்டால் போயிற்று. கழித்த பிறகும் ஒன்று மட்டும் பகலில் விலகி இரவில் சேர்ந்தால் அதன் பெட்டியில் கோளாறு.

மேகம் கறுத்ததும் கரண்ட் போவது இந்த ஊரில் எழுதப்படாத விதி. ரவுட்டரும் சேர்ந்து சாகும், கிளவுடில் தரவு ஏற்றுகிறவர்களுக்கு வேண்டிய அந்த ஒரு மணி நேரம்தான் வெற்றிடமாக இருக்கும். எஸ்டி கார்டும் டிஎஸ்3231 கடிகாரமும் கட்டாயம். அந்தக் கடிகாரம் ஆண்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது, வாரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு சரிசெய்தால் நம் தேவைக்கு மீதம்தான். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் மூன்று நாள் தாங்கும். ஆனால் குறைந்த கரண்ட் இழுத்தால் தானே அணைந்துவிடும் ரகம் பல உண்டு. நம்பும் முன் ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். வேட்டைக்காலம் ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலையின் சிணுங்கல் தூறலில் ஒன்றும் கிடைக்காது.

வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிப்பவர்கள் கையில் இருக்கும் ஃபோனிலேயே ஒரு மாலை பார்த்துவிடலாம். பல ஃபோன்களில் இதே வகைச் சிப் உள்ளே இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தின் ஃபைஃபாக்ஸ் ஆப்பை இலவசமாகப் போட்டு, பிரஷர் பகுதியைத் திறந்து, பிளைட் மோடில் உள்ளறை மேசையில் வைத்துவிடுங்கள். சார்ஜில் போடவேண்டாம், பேட்டரி சூடேறும். நடுவில் எடுத்துப் பார்க்கவும் கூடாது: மேசையிலிருந்து முகத்துக்குத் தூக்கினாலே முக்கால் மீட்டர், 8 பாஸ்கல்.